யானைக்குக் கீழே ஒரு குறி

தேர்தல் முடிந்து பதினோரு நாள் கழித்துத்தான் கால்டர் மேட்டில் பன்றி அறுக்கிற குளிர் இறங்கியது. ஹாய்ட் டிட்மோர் வீட்டுப் பின்புறம் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார்கள். நான் தபால் வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். இருபத்தாறு வருடமாக அந்த வீட்டுப் பன்றிக்கு ரோமம் சுரண்டுகிறவன் நான். தபால் பெட்டிகளில் பெயர் எழுதுவதும் பன்றி சுரண்டுவதும் எனக்கு நன்றாக வரும் என்று மேட்டில் ஒரு பெயர் உண்டு. மற்ற விஷயங்களில் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அன்று பன்றியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஹாய்ட் தேர்தலில் ஜெயித்துவிட்டான். அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய கேடு அதுவரை வந்ததில்லை.

எங்கள் மெரிட் கவுண்டியை டார்லி ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே மேடு. கல்லும் பைன் மரமும் கோழிப்பண்ணையும். தெற்கே கரிசல். பருத்தி, பெரிய வீடுகள், அந்தப் பெரிய வீடுகளில் சமைத்துப் பிள்ளை வளர்க்கும் கறுப்பர்களின் சின்ன வீடுகள். என் தபால் வண்டி தினமும் இரண்டையும் சுற்றி வரும். அலபாமாவில் இந்த ஓடை அளவுக்கு மனிதர்களைப் பிரித்து வைத்த ஓடை வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

மேடு யானைச் சின்னத்துக் கட்சி. நூறு வருடம் முன்பு தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய்ச் சண்டை போட்டபோது, கரிசல்காரனின் அடிமைகளைக் காப்பாற்ற நாங்கள் ஏன் சாக வேண்டும் என்று எங்கள் பாட்டன்மார் குகைகளில் ஒளிந்துகொண்டார்கள். ஹாய்டின் பாட்டனைக் கண்டுபிடித்துச் சுட்டுப் போட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் லிங்கன் கட்சி. கரிசல் சேவல் கட்சி. ஓட்டுச் சீட்டில் அந்தச் சேவலின் தலைக்கு மேலே ‘வெள்ளையர் மேலாதிக்கம்’ என்றே அச்சடித்திருக்கும்.

இதைக் கேட்டு மேட்டுக்காரர்களை நல்லவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கரிசல்காரன் கறுப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிதிப்பான். மேட்டுக்காரன் பக்கத்திலேயே வரவிடமாட்டான். பாலம் தாண்டி எங்கள் சாலை மேலே ஏறுகிற இடத்தில் ஹாய்டின் அப்பா அடித்து வைத்த பலகை ஒன்று நிற்கிறது. ‘கறுப்பனே, பொழுது சாயும்போது இந்த மேட்டில் இருக்காதே.’ கட்சி லிங்கனுடையது, பலகை எங்களுடையது.

கவுண்டி நீதிபதி என்றால் கொலை வழக்கு விசாரிக்கிறவர் என்று எண்ண வேண்டாம். நிலப் பத்திரம் பதிவது, கல்யாண லைசென்ஸ் கொடுப்பது, வாக்காளர் பட்டியல் வெளியிடுவது எல்லாம் அவர் கையில் இருக்கும். பதினெட்டு வருடமாக அந்த நாற்காலியில் கரிசல்காரர் லீலண்ட் ப்ரூயிட் உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை வெர்பீனாதான் ஹாய்டின் மனைவி. யானைக்குக் கீழே அந்த இடம் காலியாகக் கிடந்தால் மேட்டுக்கு அவமானம் என்று ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஹாய்ட் பெயர் கொடுப்பான். ஒரு கூட்டம் போடமாட்டான். ஒருவன் கையைக் குலுக்கமாட்டான். தோற்ற மறுவாரம் மச்சினன் வீட்டில் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவான்.

இந்த அறுபத்து நான்கில்தான் எல்லாம் தலைகீழானது. கறுப்பர்களுக்குச் சம உரிமைச் சட்டத்தில் சேவல் கட்சி ஜனாதிபதியே ஜூலையில் கையெழுத்துப் போட்டார். யானைக் கட்சியில் ஜனாதிபதிக்கு நின்ற அரிசோனாக்காரர் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர். கரிசல் கொதித்துப் போயிற்று. லீலண்டே கடை கடையாக ஏறி இறங்கினார். “இந்த ஒரு தடவை மட்டும் யானைக்குக் கீழ ஒரு குறி போடுங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க” என்றார். எங்கள் ஓட்டுச் சீட்டில் கட்சிப் படத்துக்குக் கீழே ஒரு குறி போட்டால் ஜனாதிபதி முதல் கவுண்டிப் பதவி வரை அந்த வரிசை முழுவதற்கும் ஓட்டு விழுந்துவிடும். யானை வரிசையை ஆயுளில் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காத மனிதர் அவர். அதன் அடியில் தங்கை புருஷனின் பெயர் இருப்பது அவர் நினைவுக்கே வரவில்லை. கரிசல் அவர் சொன்னபடி அப்படியே செய்தது. ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் கோழிப்பண்ணைக்காரன் ஹாய்ட் கவுண்டி நீதிபதியாகிவிட்டான்.

“ஜட்ஜய்யா, பின்னங்காலைக் கொஞ்சம் பிடிங்கய்யா. எசமான் கை பட்டா பன்றிக்கு மோட்சம்” என்றான் டூயி கேகிள். பக்கத்துப் பண்ணைக்காரன். பன்றியைச் சுட்டு வீழ்த்துவது அவன் வேலை. சுட்டு முடித்த துப்பாக்கியை வேலியில் சாய்த்து வைத்திருந்தான்.

“வாயை மூடிட்டு இழுடா.”

பீப்பாயில் தண்ணீர் கொதி வரப்போகிற பதத்தில் இருந்தது. ஹாய்ட் விரலை வேகமாக மூன்று முறை விட்டு எடுத்தான். மூன்றாவது முறை சுட்டுக் கையை உதறினான். அதுதான் சரியான சூடு. இன்னும் சூடேறினால் ரோமம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கை சாம்பலைத் தூவி, பன்றியை உள்ளே விட்டுப் புரட்டினோம். நான் சுரண்ட ஆரம்பித்தேன். ரோமம் கொத்துக் கொத்தாக வந்தது.

வெர்பீனா ஈரல் வாங்கப் பாத்திரத்தோடு வந்தாள். பதினோரு நாளாகப் புருஷனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள்.

“ஆர்டிஸ், பித்தப்பையை உடைச்சிடாம எடுக்கச் சொல்லு” என்றாள் என்னிடம். ஹாய்ட் அவளிடமிருந்து இரண்டடி தள்ளித்தான் நின்றான்.

“பக்கத்துலதான் இருக்கேன்” என்றான் ஹாய்ட்.

“அதான் தெரியுதே. பெரிய ஆளு. எங்க அண்ணன் நாற்காலிக்கு மேல நிக்கிறீங்க.”

மதியம் சோள ரொட்டியும் வறுத்த ஈரலும் மோரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். கொழுப்பைத் துண்டு போட்டுப் பெரிய இரும்புச் சட்டியில் உருகவிட்டிருந்தோம். இரண்டு மணிக்கு லீலண்டின் கறுப்புக் கார் வந்தது. இறங்கியவர் பளபளக்கும் ஷூவைச் சேற்றில் வைக்க மனமில்லாமல் ஒரு பலகைத் துண்டின் மேல் நின்றார். கையில் அவர் மனைவி செய்து அனுப்பிய கேக் இருந்தது. நல்ல உயரம், நல்ல குரல். தோற்றுப்போன முகம் மட்டும் அவருக்குப் பழக்கமில்லாதது.

“மச்சான், சுத்தி வளைக்காம சொல்றேன்” என்றார். “ஜனவரி மூணாவது திங்கக்கிழமைக்குள்ள நீங்க பதவி ஏத்துக்க ஜாமீன் பத்திரம் கட்டணும். கட்டாம விட்டுடுங்க. பதவி காலின்னு ஆயிடும். கவர்னர் என்னையே திரும்ப உக்கார வைப்பார். யாரும் யாரையும் தோக்கடிச்ச மாதிரி இருக்காது.”

ஹாய்ட் கொழுப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

“உங்களுக்கு அந்த ஆபீஸ்ல என்ன தெரியும்? பத்திரம் எழுதத் தெரியுமா? பட்டியல் தெரியுமா? மாடியில ரெண்டு ரூம் நிறைய புத்தகம் இருக்கு.”

“படிக்கத் தெரியும் மச்சான்.”

“நான் அதைச் சொல்லல. இது சாதாரண வருஷம் இல்ல. வாஷிங்டன்ல இருந்து ஆளுங்க வரப்போறாங்க, பட்டியலைக் காட்டு, புத்தகத்தைக் காட்டுன்னு. கறுப்பனோட எப்படிப் பேசணும், எங்க நிறுத்தணும்னு கரிசல்ல பொறந்தவனுக்குத்தான் தெரியும். நீங்க மேட்டுல ஒருத்தன் முகத்தைக்கூடப் பார்க்காம வளர்ந்தவங்க.”

“அது எங்க பெருமை” என்றான் டூயி.

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றார் லீலண்ட்.

வெர்பீனா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “இங்க பாருங்க. பேரு மட்டும்தான்னு சொல்லித்தானே ஒவ்வொரு தடவையும் நின்னீங்க? அம்மா சாகும்போது அண்ணன் கையைத்தான் பிடிச்சிட்டுச் செத்தா. அந்த வீட்டு வாசப்படியில நான் எந்த மூஞ்சியோட ஏறுவேன்? விட்டுடுங்க. நமக்குக் கோழி இருக்கு, பன்றி இருக்கு. எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன்.”

ஹாய்ட் கிளறுவதை நிறுத்தினான். அவன் மனம் இளகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. உண்மையில் அவனுக்கு அந்த நாற்காலி வேண்டியிருக்கவில்லை. கோட்டு மாட்டினாலே கழுத்து அரிக்கும் என்பவன். “பார்ப்போம் வெர்பீனா” என்றான். அவன் அகராதியில் அதற்குச் சரி என்று பொருள்.

அப்போதுதான் பச்சை டிரக் ஒன்று மேடேறி வருகிற சத்தம் கேட்டது. வண்டி வாசலுக்கு வந்தும் நிற்காமல், சுற்றித் திரும்பி, மூக்கை இறக்கத்தின் பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. கதவைச் சாத்தாமல் இறங்கினார் ஐசையா மெக்வே. அறுபது வயதிருக்கும். கரிசலில் என் தபால் வழியில் கடைசி வீடு அவருடையது. சர்ச்சுக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தார். மணி மூன்றரை. நவம்பர் மாதத்தில் எங்கள் பக்கம் ஐந்து மணிக்கு முன்பே பொழுது விழுந்துவிடும்.

டூயி வேலியில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மரக்கட்டையில் உட்கார்ந்தான். யாரும் அவனை அதட்டவில்லை.

“கீழ பலகை இருக்கே, படிக்கத் தெரியாதா?” என்றான்.

“படிச்சுட்டுத்தான்யா வந்தேன்” என்றார் ஐசையா. “பொழுது இன்னும் இருக்கு.” தொப்பியைக் கழற்றி ஹாய்டைப் பார்த்தார். “மிஸ்டர் டிட்மோர், உங்களை ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க பதவி ஏத்துக்குவீங்களா?”

லீலண்ட் பலகைத் துண்டிலிருந்து இறங்கினார். ஷூ சேற்றில் புதைந்தது. “ஐசையா! உனக்கு இங்க என்ன வேலை?”

“அதே வேலைதான் ஜட்ஜய்யா. ரெண்டு வருஷமா உங்க ஆபீஸ்ல கேட்டுட்டு இருக்கேனே, அது.”

விஷயம் எனக்குத் தெரியும். பதிவுத் தபால் எல்லாம் என் கை வழியாகத்தானே போகும். கரிசலில் விதவை ஒருத்தியிடம் ஐசையா நாற்பது ஏக்கர் பைன் காடு வாங்கினார். அந்த அம்மா சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் செத்தாள். பத்திரத்தைப் பதியக் கொண்டுபோனபோதெல்லாம் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் மர ஆலைக்காரன் ஒருவன் அந்த விதவையின் அண்ணன் மகன்களிடம் வேறொரு பத்திரம் எழுதி வாங்கப் பேசிக்கொண்டிருந்தான். பதியாத பத்திரம் வெறும் காகிதம். மரங்களில் வெட்டுவதற்கான சிவப்புப் பெயிண்ட் குறி ஏற்கெனவே விழுந்துவிட்டது.

“போன வாரம் ரம்பம் கொண்டாந்து இறக்கிட்டாங்கய்யா” என்றார் ஐசையா ஹாய்டிடம். “ஜட்ஜய்யாவே திரும்ப வந்தா வசந்தத்துக்குள்ள காடு போயிடும். நீங்க வர்றதா இருந்தா வக்கீலை வச்சு அதுவரைக்கும் தடுத்துப் பார்ப்பேன். அதான், தெரிஞ்சிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“பார்த்தீங்களா மச்சான்?” என்றார் லீலண்ட். “இன்னும் நாற்காலியில உக்காரல. அதுக்குள்ள வந்து நிக்கிறான். இவங்கதான் உங்களை ஜெயிக்க வச்சாங்கன்னு நாளைக்குக் கவுண்டி பூரா பேசும்.”

ஐசையா தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். “இல்ல ஜட்ஜய்யா. நாங்க உங்களுக்குத்தான் போட்டோம்.”

டூயி லீலண்டைப் பார்த்தான்.

“யானைக்குக் கீழ அரிசோனாக்காரர். சேவலுக்குக் கீழ நீங்க. ரெண்டுல எது வலி கம்மின்னு பார்த்தோம். சேவல் தலைக்கு மேல என்ன எழுதியிருக்குன்னும் படிச்சோம்யா. படிக்கத் தெரியும்னு பரீட்சை வச்சுத்தானே எங்க பேரையே சேர்த்தாங்க? படிச்சுட்டு, அதுக்குக் கீழயே குறி போட்டோம். எங்க பக்கம் பட்டியல்ல முப்பத்தோரு பேர். முப்பத்தோரு பேரும்.”

நான் சுரண்டுகிற கத்தியைத் துடைத்தேன். கரிசல் ஓட்டுப் பெட்டியின் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். லீலண்டின் சொந்தப் பெட்டி அது. அவர் பிறந்த இடம், ஞானஸ்நானம் எடுத்த இடம். அங்கே அவருக்கு விழுந்தது முப்பத்து நான்கு.

வெர்பீனா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அப்போ மிச்சம் மூணு” என்றாள். “ஒண்ணு அண்ணியோடதா?”

“அவ நான் சொன்ன மாதிரி...” லீலண்ட் நிறுத்தினார்.

“நீ சொன்ன மாதிரின்னா?”

லீலண்ட் தன் காரைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணே, நீ எதுல போட்ட?”

“வெர்பீனா, அது நாடு பூராவும் சம்பந்தப்பட்ட...”

“எதுல போட்ட?”

லீலண்ட் ஷூவிலிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்தார்.

வெர்பீனா சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை. “இந்த மேட்டுப் பெட்டியில ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரே ஒரு சேவல் விழும். ஆர்டிஸ், உனக்குத் தெரியும்தானே? டூயி, உனக்கு?”

எங்களுக்கு மட்டுமா, மேட்டுக்கே தெரியும். எண்ணுகிறவர்கள் அந்த ஒரு சீட்டை ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைப்பார்கள். ஹாய்டுக்கும் தெரியும். அவன் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவனிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அது ஒன்று.

“என் புருஷன் பேருக்கு எதிரா, இத்தனை வருஷமா உனக்குப் போட்டேன். இந்தத் தடவையும் போட்டேன். கடையில எவளும் என்கிட்ட முகம் கொடுக்கமாட்டா அன்னிக்கு. நீ உனக்கே போடலயா? கறுப்பங்க மேல அவ்வளவு வெறுப்பா உனக்கு? உன் பேரையே மறக்கிற அளவுக்கா?”

“நீ ஒரு கறுப்பன் முன்னாடி என்னை...”

“அவர்தான் உனக்கு ஓட்டுப் போட்டிருக்காரு!”

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் வந்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள். “போய் உக்காருங்க. ஜாமீன் கட்டுங்க. எங்க அம்மா வீட்டு வாசப்படியை நான் பார்த்துக்கிறேன்.”

ஹாய்ட் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தான். பிறகு ஐசையாவிடம், “பத்திரத்தைக் கொண்டா. சட்டப்படி இருந்தா பதிவேன். இல்லேன்னா பதியமாட்டேன்” என்றான்.

“அதுக்கு மேல நானும் கேட்கலய்யா.”

“மணி நாலரை” என்றான் டூயி. துப்பாக்கி இன்னும் மடியில்தான் இருந்தது. பைன் மரங்களின் உச்சியில் சூரியன் செம்பாக நின்றது.

லீலண்டின் கார்தான் முதலில் போனது. கேக்கை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஐசையா டிரக்கில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. மூக்கை இறக்கம் பார்த்து வைத்ததன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேட்டரி செத்த வண்டி. உருட்டித்தான் கிளப்ப வேண்டும். சேற்றில் புதைந்திருந்த ஒரு கல் முன் சக்கரத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. டூயி எழுந்து நின்றான். ஐசையா இறங்கி, தோளைக் கொடுத்துத் தனியாகத் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு முதுகில் விரிந்தது. நாங்கள் மூன்று ஆண்கள் அங்கே இருந்தோம். யாரும் தள்ளவில்லை. நானும் தள்ளவில்லை. வெர்பீனாதான் ஓடிப்போய்க் கொழுப்புக் கையோடு அந்தக் கல்லைப் பிடுங்கிப் போட்டாள். ஐசையா தாவி ஏற, வண்டி சத்தமில்லாமல் உருண்டு இறங்கியது. வளைவுக்குப் போன பிறகுதான் இஞ்சின் பிடித்த சத்தம் கேட்டது.

டூயி சூரியனைப் பார்த்தான். “அஞ்சு நிமிஷம் மிச்சம்” என்று உட்கார்ந்தான்.

ஜனவரியில் ஹாய்ட் பதவி ஏற்றான். கழுத்து அரிக்க அரிக்கக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனான். துணைக்கு நானும் போனேன். புத்தகம் எதுவும் பைண்டிங்குக்குப் போயிருக்கவில்லை, அலமாரியிலேயே இருந்தது. கதவு திறந்ததும் முதல் ஆளாக ஐசையா மெக்வே நின்றார். ஹாய்ட் பத்திரத்தை வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தான். தேதி போட்டு, மணி போட்டு, முத்திரை குத்தினான். அந்தப் புது வருடத்தில் அவன் கையால் பதிந்த முதல் பத்திரம் அது. ஐசையா முத்திரையின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஹாய்டுக்கு மனசு நிறைந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். பெரிய மனிதன் போலச் சிரித்தான். “ஐசையா, அன்னிக்கு அறுத்தோமே, அந்தப் பன்றித் தொடை உப்புல ஊறித் தயாரா இருக்கு. ஒரு நாள் வீட்டுப் பக்கம் வா. வெர்பீனா வறுத்துத் தருவா.”

ஐசையா பத்திரத்தை நான்காக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். தொப்பியைக் கையில் எடுத்தார். கேலி துளியும் இல்லாத குரலில் கேட்டார்:

“எத்தனை மணிக்குள்ள வந்துட்டுப் போகணும்யா?”

ஹாய்ட் மேசை மேல் இருந்த முத்திரையை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். ஐசையா தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஹாய்டின் வண்டியில் திரும்பினோம். பாலம் தாண்டியதும் அவன் வேகத்தைக் குறைத்தான். பலகைக்கு நேரே வண்டி ஏறக்குறைய நின்றுவிட்டது. இறங்குவான் என்று நினைத்தேன். என் கால்மாட்டில் அவனுடைய சுத்தியல் ஒன்று கிடந்தது. நான் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“எழுத்து இன்னும் மங்கல” என்றான் கடைசியில். “போன வருஷம் பெயிண்ட் அடிச்சதுதானே?”

“ஆமா.”

அவன் கியரை மாற்றினான். வண்டி மேடு ஏறியது. எழுத்து மங்கவில்லைதான். வெள்ளைப் பெயிண்ட், இரண்டு பூச்சு, ஒவ்வொரு எழுத்தும் ஓரம் பிசகாமல் நின்றது. தபால் பெட்டிகளில் எழுதுவதைவிடக் கவனமாக எழுதியிருந்தேன்.